அபின் வகை மருந்துகள் இரத்தத்தையும் நோயெதிர்ப்பையும் என்ன செய்கின்றன?

மார்ஃபின், ஹெராயின், டிரமடால் ஆகிய பெயர்கள் அடிபடும் இடங்களில் எல்லாம் இரண்டு பேச்சுகள் தவறாமல் காதில் விழுகின்றன. "அது இரத்தத்தையே கெடுத்துவிடும், எதிர்ப்புச் சக்தி என்பதே உடம்பில் இல்லாமல் போய்விடும்" என்பது ஒன்று. "ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குத்தான் ஆபத்து, மாத்திரையாக விழுங்கினால் ஒன்றும் ஆகாது" என்பது மற்றொன்று. முதலாவதை நம்பும் குடும்பங்கள், புற்றுநோய் முற்றி வலியில் துடிக்கும் பெரியவருக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மார்ஃபின் மாத்திரையைக் கொடுக்கத் தயங்குகின்றன. இரண்டாவதை நம்புபவர்களோ, மருத்துவர் சீட்டே இல்லாமல் மாதக்கணக்கில் வலி மாத்திரைகளை விழுங்கிக்கொண்டு, தங்களுக்கு அடிக்கடி வரும் காய்ச்சலுக்கும் நெஞ்சுச் சளிக்கும் வேறு எங்கோ காரணம் தேடுகிறார்கள்.

இரண்டு பேச்சிலும் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் தனித்தனியான மூன்று காரணங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் இரண்டுமே தவறான முடிவுக்குக் கொண்டுபோய் விடுகின்றன. மருந்து தன்னளவில் உடலுக்குச் செய்வது ஒன்று. அதை உடலுக்குள் செலுத்தும் வழி செய்வது இன்னொன்று. அதனுடன் கலந்து வரும் பொருள்கள் செய்வது மூன்றாவது. யாருக்கு எந்த ஆபத்து, யாருக்கு எது இல்லை என்பது இம்மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும்.

ஓபியாய்டு என்றால் என்ன?

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உலர்ந்து அபின் ஆகிறது. அதிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய மருந்தாளர் ஃபிரெட்ரிக் செர்டர்னர்; காலம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மார்ஃபினை வேதிமுறையில் மாற்றிக் கிடைத்த ஹெராயினை, பேயர் நிறுவனம் 1898இல் இருமல் மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் மெத்தடோன், ஃபென்டனில், டிரமடால், டாபென்டடால், புப்ரெனார்ஃபின் என ஆய்வகத்தில் பிறந்தவை பல. செடியிலிருந்து வந்தாலும் ஆய்வகத்தில் உருவானாலும், உடலில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பிகளில் பொருந்தி வேலை செய்யும் இம்மருந்துகள் அனைத்தையும் ஓபியாய்டுகள் என்கிறோம்.

ஏற்பி என்பது செல்லின் மேற்பரப்பில் அமைந்திருக்கும் ஒரு புரதம். தனக்கு உரிய வேதிப்பொருள் வந்து பொருந்தியதும், அது செல்லுக்குள் ஒரு கட்டளையைக் கிளப்பிவிடும். மூளையில் ஓபியாய்டு ஏற்பிகள் இருப்பது 1973இல் உறுதியானது. கசகசாச் செடியின் சாறு பொருந்துவதற்கென்று மனித மூளையில் ஏற்பி இருக்க வேண்டிய தேவை என்ன என்ற கேள்விக்கு 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர ஆய்வகத்தில் விடை கிடைத்தது. நம் உடலே அபினைப் போன்ற வேலையைச் செய்யும் என்கெஃபலின் என்ற பொருளைச் சுரக்கிறது. ஏற்பிகள் அதற்காகவே இருக்கின்றன.

நம் விஷயத்துக்கு முக்கியமானது இதற்கு அடுத்த கண்டுபிடிப்பு. இந்த ஏற்பிகள் மூளையிலும் தண்டுவடத்திலும் மட்டும் இல்லை. குடலில் ஏராளமாக இருக்கின்றன. மார்ஃபின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் வருவது அதனால்தான். இரத்தத்தின் வெள்ளணுக்களும் ஓபியாய்டுகளுக்கு மறுமொழி தருகின்றன என்பதற்கான சான்று 1979இல் மனித வெள்ளணுக்களைக் கொண்டே கிடைத்தது. இன்னும் சொல்லப்போனால், வீக்கம் கண்ட இடத்துக்கு வந்து சேரும் வெள்ளணுக்கள் தாங்களே, என்கெஃபலினைப் போல உடலே உண்டாக்கும் எண்டார்ஃபின் போன்ற பொருள்களை விடுவித்து வலியைத் தணிக்கின்றன. அதாவது நோயெதிர்ப்பு மண்டலம் அன்றாடம் பயன்படுத்தும் செய்திமுறை ஒன்றுக்குள்தான் வெளியிலிருந்து வரும் மருந்து பெரிய அளவில் நுழைகிறது. பாதிப்பு எங்கிருந்து தொடங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

எண்ணிக்கை குறையாமலே செயல் குறைவது

ஒரு நகரத்தின் தீயணைப்பு நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டில் ஆள் குறைவில்லை. வண்டிகளும் வரிசையாக நிற்கின்றன. ஆனால் மணி அடித்து வெகு நேரம் கழித்தே வண்டி கிளம்புகிறது, வழியில் மெதுவாக ஊர்கிறது, போய்ச் சேர்ந்தபின் குழாயில் தண்ணீர் வேகமாக வருவதில்லை. பதிவேட்டை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு எந்தக் குறையும் தெரியாது. ஓபியாய்டுகளை நெடுநாள் எடுப்பவரின் நோயெதிர்ப்பு மண்டலம் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கிறது.

இரத்தத்தில் மூன்று வகை அணுக்கள் உண்டு. சிவப்பணுக்கள் ஆக்சிஜனைச் சுமக்கின்றன. தட்டணுக்கள் காயம் பட்டால் இரத்தத்தை உறையவைக்கின்றன. வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை எதிர்க்கின்றன. வெள்ளணுக்களிலும் பிரிவுகள் இருக்கின்றன. கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிவருபவை நியூட்ரோஃபில்கள். கிருமியை விழுங்கிச் செரித்து, அதன் அடையாளத்தை மற்றவற்றுக்குக் காட்டுபவை மேக்ரோஃபேஜ்கள். வைரஸ் புகுந்த செல்லையும் புற்றாக மாறிய செல்லையும் கண்டு கொல்பவை இயற்கைக் கொல்லி செல்கள். ஒரு கிருமியைக் குறிப்பாக நினைவில் வைத்துக்கொண்டு தாக்குபவை டி செல்கள். அதற்கெதிரான எதிர்ப்புரதங்களைத் தயாரிப்பவை பி செல்கள்.

வழக்கமான முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை இவை எத்தனை இருக்கின்றன என்றுதான் சொல்லும். கிருமி இருக்கும் திசையை நோக்கி ஒரு நியூட்ரோஃபில் எவ்வளவு வேகமாக நகர்கிறது, மேக்ரோஃபேஜ் எத்தனை பாக்டீரியாக்களை விழுங்குகிறது, விழுங்கியவற்றைக் கொல்ல அதற்குத் திறன் இருக்கிறதா என்பதெல்லாம் அந்தத் தாளில் வராது. "இரத்தம் எடுத்துப் பார்த்தோம், எல்லாம் நார்மல்" என்று சொல்லி நிம்மதி அடைபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது: ஓபியாய்டு ஏற்பிகள் நோயெதிர்ப்பு மண்டலத்திலும் வேலை செய்கின்றன. பாதிப்பு முதன்மையாக அணுக்களின் செயலில் நேர்கிறது. எண்ணிக்கை சரியாக இருப்பதால் பாதிப்பு இல்லை என்று ஆகிவிடாது.

மருந்து தன்னளவில் என்ன செய்கிறது?

இது புதிய சந்தேகம் அன்று. ஹெராயின் இருமல் மருந்தாக விற்பனைக்கு வந்த அதே 1898ஆம் ஆண்டில், கிருமிகளை விழுங்கும் செல்களைக் கண்டறிந்த மெச்னிகாஃப்பிடம் பணியாற்றிய ருமேனிய ஆய்வாளர் யோன் கண்டகுசினோ, அபின் செலுத்தப்பட்ட கினிப்பன்றிகளின் வெள்ளணுக்கள் பாக்டீரியாவை விழுங்குவதில் பின்தங்குவதைக் காட்டினார். அடுத்த நூறாண்டில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் அவர் பார்த்தது எப்படி நேர்கிறது என்பதையே தேடின.

முதலாவது வழி நேரடியானது. வெள்ளணுக்களின் மீது மருந்து செயல்படும்போது, கிருமி இருக்கும் இடத்தை நோக்கி அவற்றை அழைக்கும் வேதிச் சைகைகளுக்கு அவை மந்தமாகவே பதில் தருகின்றன. மேக்ரோஃபேஜ் விழுங்குவது குறைகிறது. விழுங்கியதைக் கொல்லும் நச்சு ஆக்சிஜன் சேர்மங்களின் உற்பத்தியும் குறைகிறது. டி செல்கள் ஒன்றையொன்று தூண்டிப் பெருகுவதற்கான வேதித் தூதுகளும் சுருங்குகின்றன. எனினும் வெள்ளணுவின் மேல் எத்தனை ஏற்பிகள் உள்ளன, அவை மூளையில் உள்ளவற்றைப் போன்றவைதாமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆகவே நேரடி வழியை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது.

இரண்டாவது வழி மூளை வழியாகச் செல்கிறது. என் கணிப்பில் வலுவான வழி இதுதான். நடுமூளையில் வலியைக் கட்டுப்படுத்தும் ஒரு பகுதியில் மார்ஃபின் செயல்படும்போது, அங்கிருந்து பரிவு நரம்பு மண்டலத்துக்குத் தூண்டுதல் போகிறது. பரிவு நரம்பு மண்டலம் என்பது பயம், கோபம் போன்ற அவசர நேரங்களில் இதயத் துடிப்பை ஏற்றும் நரம்புப் பின்னல். அதன் கிளைகள் வெள்ளணுக்கள் கூடியிருக்கும் மண்ணீரல் வரை போகின்றன. அங்கே அவை விடுவிக்கும் நார்அட்ரினலின், இயற்கைக் கொல்லி செல்களின் கொல்லும் திறனைத் தாழ்த்துகிறது. நோயற்ற மனிதர்களுக்கு நரம்பு வழியே தொடர்ந்து மார்ஃபின் ஏற்றிப் பார்த்தபோது, 24 மணி நேரத்துக்குள்ளேயே அச்செல்களின் திறன் இறங்கியது 1995இல் பதிவானது. அவர்களில் எவரும் போதைக்கு அடிமையானவர்கள் அல்லர்; எவரும் பட்டினி கிடந்தவர்களும் அல்லர். மருந்து மட்டுமே காரணம் என்று சொல்ல இப்படிப்பட்ட ஆய்வுதான் உதவும்.

மூன்றாவது வழி ஹார்மோன்கள். ஓபியாய்டுகள் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகும் கட்டளைகளை அடக்குகின்றன. அதனால் பல மாதங்கள் எடுப்பவர்களில் பலருக்கு டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் ஆகிய பாலின ஹார்மோன்கள் குறைகின்றன. சிலருக்கு அட்ரினல் சுரப்பி தரவேண்டிய கார்டிசாலும் போதாமல் போகிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இது குறித்து 2016 மார்ச்சில் எச்சரிக்கையே வெளியிட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலிகளுக்கு மார்ஃபின் கொடுத்தால் கார்டிசாலுக்கு நிகரான ஹார்மோன் ஏறுகிறது; நெடுநாள் எடுக்கும் மனிதருக்கு இறங்குகிறது. எலி ஆய்வு ஒன்றின் முடிவை அப்படியே மனிதர்மேல் ஏற்றிச் சொல்லும் காணொளிகள் பெருகிவிட்ட காலத்தில் இந்த வேறுபாடு நினைவில் இருப்பது நல்லது.

நான்காவது வழி குடல். குடலின் உள்சுவரில் செல்கள் நெருக்கமாகக் கோத்து நிற்பதால்தான் உள்ளே வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இரத்தத்துக்குள் வருவதில்லை. மார்ஃபின் குடலின் அசைவைக் குறைத்து, பாக்டீரியாக்களின் கலவையையும் மாற்றிவிடுகிறது. சுண்டெலிகளில் அந்தச் செல்களின் பிணைப்பு தளர்ந்து, குடல் பாக்டீரியாக்கள் அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும் கல்லீரலுக்கும் போய்ச் சேர்வது கண்டறியப்பட்டுள்ளது. கசிவைச் சமாளிக்கும் வேலையிலேயே நோயெதிர்ப்பு மண்டலம் இடைவிடாமல் கிடப்பதால், உடலில் மெல்லிய அழற்சி நீடிக்கிறது. எதிர்ப்பு மந்தமாவதும் அழற்சி மிகுவதும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் காணப்படுவது முரணாகத் தோன்றலாம். ஆனால் அவை இரண்டும் வேறு வேறு இடங்களில் தொடங்குகின்றன.

இவை எல்லாம் ஓபியாய்டு ஏற்பி வழியாகவே நடக்கின்றனவா என்று சோதிக்க ஒரு நேர்த்தியான வழி இருந்தது. மியூ என்று பெயரிடப்பட்ட முதன்மையான ஓபியாய்டு ஏற்பிக்குரிய மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்கு மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரணச் சுண்டெலிகளில் டி செல்கள் முதிரும் உறுப்பான தைமஸும் மண்ணீரலும் சுருங்கின, இயற்கைக் கொல்லி செல்களின் திறன் குறைந்தது; மரபணு நீக்கப்பட்டவற்றில் எதுவுமே நடக்கவில்லை. 1998இல் வெளியான இந்த முடிவு, வலியைத் தணிக்கும் அதே ஏற்பிதான் நோயெதிர்ப்பையும் தாழ்த்துகிறது என்பதைத் தெளிவாக்கியது.

சுருங்கச் சொன்னால், வெள்ளணுக்களின் மீது நேராகவும், மூளையிலிருந்து இறங்கும் நரம்புகள் வழியாகவும், ஹார்மோன்கள் வழியாகவும், குடல் வழியாகவும் மருந்து நோயெதிர்ப்பைத் தொடுகிறது. இவற்றில் எதற்கும் ஊசி தேவையில்லை.

ஊசி இல்லாத இடத்தில் கிடைத்த சான்று

ஆய்வகத்தில் காண்பது நிஜ வாழ்வில் நோயாக மாறுகிறதா? இதற்கு மிக நல்ல சான்று ஈரானிலிருந்து கிடைத்திருக்கிறது. காஸ்பியன் கடலையும் துர்க்மெனிஸ்தானையும் ஒட்டி நாட்டின் வடகிழக்கில் உள்ள கோலஸ்தான் மாகாணத்தில் அபின் பழக்கம் தலைமுறைகளாக இருந்துவருகிறது. அங்கே பெரும்பாலானோர் அதைப் புகைக்கிறார்கள் அல்லது உண்கிறார்கள். ஊசியாகப் போடுபவர்கள் மிகச் சிலரே. 2004 முதல் 2008 வரை அந்த மாகாணத்தில் 40 முதல் 75 வயது வரையிலான 50,045 பேரைச் சேர்த்து, அவர்களின் பழக்கங்களைப் பதிந்துகொண்டு, பிறகு ஆண்டுதோறும் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 17 விழுக்காட்டினர் அபின் பயன்படுத்தியவர்கள். சராசரியாக 12 ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம்.

2012இல் வெளிவந்த முடிவு இது: புகையிலை, வயது, வருமானம் போன்றவற்றைக் கழித்துக் கணக்கிட்ட பிறகும், அபின் பயன்படுத்தியவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.86 மடங்காக இருந்தது. காசநோயால் இறப்பதை மட்டும் தனியாகப் பார்த்தால் அது 6 மடங்கைத் தாண்டியது. காசநோய்க் கிருமியை நுரையீரலுக்குள் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைத்திருப்பவை மேக்ரோஃபேஜ்களும் டி செல்களும்தாம். அவை மந்தமானால் அந்த அடைப்பு உடையும் என்பது எதிர்பார்க்கத் தக்கதே. இருமலுக்கு மருந்தாக அபினைத் தொடங்கியவர்களும் அங்கே இருக்கக்கூடும் அல்லவா என்ற நியாயமான ஐயம் எழும். நோய்வாய்ப்பட்ட பிறகு அபினைத் தொடங்கியவர்களை விலக்கிவிட்டும் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒட்டுமொத்த முடிவு மாறவில்லை. ஆயினும் மூடிய அறையில் பலர் கூடிப் புகைப்பதாலேயே காசநோய் பரவ வாய்ப்புண்டு. ஆகவே அந்த 6 மடங்கு முழுவதையும் நோயெதிர்ப்புக் குறைவின் கணக்கில் எழுதிவிடுவது சரியாகாது.

மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளைப் பற்றிய சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. நிமோகாக்கஸ் என்பது தொண்டையில் சாதுவாகத் தங்கியிருந்து, வாய்ப்புக் கிடைத்தால் நுரையீரல், இரத்தம், மூளை உறை ஆகியவற்றுக்குள் நுழையும் பாக்டீரியா. டென்னசி மாநிலத்தில் அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்தவர்களைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வில், ஓபியாய்டு எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இத்தொற்று உடலுக்குள் ஊடுருவும் வாய்ப்பு 1.62 மடங்காக இருந்தது. அளவு கூடியவர்களிடமும் நீண்ட நேரம் வேலை செய்யும் வகைகளை எடுத்தவர்களிடமும் இன்னும் கூடுதல். வாஷிங்டன் மாநிலத்தில் 65 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு, நுரையீரல் அழற்சியின் வாய்ப்பு மருந்து தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் சுமார் 3 மடங்கு வரை போவதைக் கண்டது. முதியவர்களைப் பொறுத்தவரை, மருந்தின் மயக்கத்தில் இருமல் அடங்கிப்போவதும் உணவுத் துணுக்கு மூச்சுக்குழலுக்குள் இறங்குவதும் இதில் பங்கு வகிக்கின்றன.

இரத்தத்துக்கு நேர்வது: கலப்புப் பொருள்களின் கதை

இனி இரத்தத்துக்கு வருவோம். ஓபியாய்டு தன்னளவில் சிவப்பணுக்களுக்குச் செய்வது பெரிதல்ல. டெஸ்டோஸ்டிரோன் எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணு உற்பத்திக்குத் துணை செய்கிறது; அது குறையும்போது ஆண்களுக்கு லேசான இரத்தசோகை வரலாம். பசியின்மையும் சத்துக் குறைவும் அதைக் கூட்டும். "இரத்தம் கெட்டுப்போவது" என்று சொல்லத்தக்க கடுமையான பாதிப்புகளோ பெரும்பாலும் கலப்புப் பொருள்களிலிருந்தே வந்திருக்கின்றன.

ஈரானையே எடுத்துக்கொள்வோம். எடை கூட்டுவதற்காக அபினில் ஈயம் கலக்கப்பட்டதால், 2016இல் அங்கே ஏராளமானோர் ஈய நச்சுக்கு ஆளாகி மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். ஈயம் ஹீமோகுளோபின் உருவாவதைத் தடுக்கிறது. அவர்களின் இரத்தத்துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், வெளிறிய சிவப்பணுக்களுக்குள் நீலப் புள்ளிகள் தூவியதுபோல் தெரியும். ஈய நச்சின் அறிகுறிகளான வயிற்று வலியும் மலச்சிக்கலும் அபின் பழக்கத்தின் தொல்லைகளை ஒத்திருப்பதால், நோயாளியும் சில நேரம் மருத்துவரும் ஏமாந்துபோகிறார்கள். வலிக்கு அபினையே மேலும் எடுத்து, ஈயத்தையும் சேர்த்து உள்ளே அனுப்பும் துயரமும் நேர்கிறது.

நியூயார்க்கில் இன்னொரு கதை. 1930களில் பொது ஊசிகள் வழியே ஹெராயின் பழக்கத்தினரிடையே மலேரியா பரவியது. அதன்பின் ஹெராயினில் மலேரியா மருந்தான குவினைனைக் கலப்பது அங்கே வழக்கமாயிற்று. குவினைன் சிலருடைய உடலில் தட்டணுக்களுக்கு எதிரான எதிர்ப்புரதங்களை உண்டாக்கக்கூடியது. தட்டணுக்கள் திடீரெனச் சரிந்து, தோலில் சிவப்புப் புள்ளிகளோடும் ஈறுகளில் இரத்தக் கசிவோடும் மருத்துவமனைக்கு வந்த ஹெராயின் பழக்கத்தினரைச் சோதித்தபோது, அந்த எதிர்ப்புரதங்கள் சிக்கின. குற்றவாளி ஹெராயின் அன்று, அதன் துணைச்சரக்கு.

மிகவும் கவனிக்கவேண்டியது ஓபானா ஈஆர் என்ற மாத்திரையின் வரலாறு. இதில் உள்ள மருந்து ஆக்ஸிமார்ஃபோன். நசுக்கிப் பொடியாக்க முடியாதபடி, பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற பொருளைச் சேர்த்து 2012இல் புதிய வடிவம் சந்தைக்கு வந்தது. விழுங்குபவருக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதையும் கரைத்து நரம்பில் ஏற்றினார்கள். அதே ஆண்டில் டென்னசியில் ஒரு விசித்திரமான நோயோடு பலர் வரத் தொடங்கினர்: நுண்ணிய இரத்தக் குழாய்களில் உறைகட்டிகள், குறைந்துபோன தட்டணுக்கள், அந்தக் குழாய்களைக் கடக்கும்போது கிழிபட்டு, தலைக்கவச வடிவிலும் முக்கோண வடிவிலும் சிதைந்த சிவப்பணுக்கள். சிறுநீரகங்களும் பாதிக்கப்பட்டன. அந்தச் சேர்மானப் பொருளைக் கினிப்பன்றிகளின் இரத்தத்தில் செலுத்தியபோது அதே பாதிப்பு நேர்ந்ததைப் பிற்பாடு நடந்த ஆய்வு காட்டியது. 2015இல் இண்டியானா மாநிலத்தின் ஸ்காட் வட்டத்தில் இதே மாத்திரையைப் பலர் பொது ஊசியில் ஏற்றியதால் எச்.ஐ.வி. பரவியது. 2017 ஜூனில் அந்த மாத்திரையை விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்ளுமாறு அமெரிக்க நிர்வாகம் கேட்டுக்கொண்டது.

தமிழ்நாட்டில் டாபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்து ஊசியாகப் போடும் பழக்கம் இளைஞர்களிடையே பரவியிருப்பதைக் காவல்துறை நடவடிக்கைச் செய்திகள் அடிக்கடி சொல்கின்றன. மாத்திரை என்பது மருந்து மட்டும் அன்று. அதற்கு உருவம் கொடுக்க மாவுச்சத்து, செல்லுலோஸ், டால்க் போன்றவை சேர்க்கப்படுகின்றன. வயிற்றுக்குள் போனால் செரிமானப் பாதையோடு போய்விடும் இவை, நரம்பில் ஏறினால் நுரையீரலின் மயிரிழைக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்கின்றன. அங்கே மேக்ரோஃபேஜ்கள் கரைக்க முடியாத துகளைச் சுற்றிக் கூடி முடிச்சுகளாக இறுகுகின்றன. நுரையீரல் வரவர விறைத்துப்போகிறது. மருந்துக்கடையில் வாங்கிய சுத்தமான மாத்திரை என்ற நம்பிக்கை இங்கே எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த இளைஞர்களிடம் யாராவது உட்கார்ந்து பேசவேண்டும்.

நினைவில் கொள்ள: சிவப்பணுக்களையும் தட்டணுக்களையும் நேரடியாகத் தாக்கிய பெரிய நிகழ்வுகளில் காரணமாக இருந்தவை ஈயம், குவினைன், மாத்திரையின் சேர்மானம் ஆகியவை. ஓபியாய்டின் சொந்தப் பாதிப்பு இதில் சிறிது.

ஊசி சேர்க்கும் பங்கு

ஊசி தோலைத் துளைக்கும்போது, கிருமிகளுக்கு எதிரான முதல் சுவரே கடக்கப்பட்டுவிடுகிறது. தோலில் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா இரத்தத்தோடு இதயத்துக்குப் போய், பெரும்பாலும் வலப்பக்க வால்வில் தங்கி அதை அரிக்கிறது. பகிர்ந்துகொண்ட ஊசியில் ஹெபடைடிஸ் சியும் எச்.ஐ.வி.யும் பரவுகின்றன. எச்.ஐ.வி. டி செல்களையே அழிப்பதால், இங்கே எண்ணிக்கையும் சேர்ந்து சரிகிறது. "எதிர்ப்புச் சக்தியே போய்விடும்" என்ற பேச்சு பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களைப் பார்த்து எழுந்ததுதான்.

நேர்மாறான ஒன்றும் நடக்கிறது. நாள்தோறும் அன்னியப் பொருள்கள் இரத்தத்தில் கலப்பதால் பி செல்கள் ஓயாமல் தூண்டப்பட்டு, ஊசி பழக்கத்தினரின் இரத்தத்தில் எதிர்ப்புரதங்கள் மிகுந்து காணப்படுகின்றன. எதிர்ப்புரதம் கூடுதல் என்பதால் பாதுகாப்பும் கூடுதல் என்று பொருள் இல்லை. அவை குறி இல்லாமல் குவிந்தவை. மேகநோய்க்கான வி.டி.ஆர்.எல். பரிசோதனை, அந்த நோயே இல்லாத ஹெராயின் பழக்கத்தினர் சிலருக்கு நோய் இருப்பதாகக் காட்டுவதற்கும் இதுவே காரணம். அப்படிக் காட்டினால் உறுதிசெய்யும் பரிசோதனை கட்டாயம் தேவை. ஒருவர்மீது இல்லாத நோயைச் சுமத்துவது அவர் குடும்பத்தையும் குலைத்துவிடும்.

வலிக்காக மருந்து எடுப்பவர்கள் அஞ்ச வேண்டுமா?

புற்றுநோய் வலிக்கோ அறுவை சிகிச்சை வலிக்கோ மருத்துவர் மேற்பார்வையில் மார்ஃபின் எடுப்பவர், இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது. தணிக்கப்படாத கடும் வலியும் உடலுக்கு ஓர் அவசர நிலைதான். அதுவும் பரிவு நரம்பு மண்டலத்தைக் கிளப்பி, தூக்கத்தைப் பறித்து, இயற்கைக் கொல்லி செல்களை அடக்குகிறது. வலியோடு கிடப்பதால் நோயெதிர்ப்பு காப்பாற்றப்படும் என்பது வீண் நம்பிக்கை. நெடுநாள் எடுத்த மருந்தைத் திடீரென்று நிறுத்துவதும் கெடுதலே. மார்ஃபின் பழக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு அதைச் சட்டென நிறுத்தியபோது, குடல் பாக்டீரியாத் தொற்றை எதிர்க்கும் திறன் மேலும் சரிந்தது. அளவைக் குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவரின் கையில் படிப்படியாக நடக்க வேண்டியவை.

ஓபியாய்டுகள் எல்லாம் ஒரே அளவில் நோயெதிர்ப்பைத் தாழ்த்துவதும் இல்லை. விலங்கு ஆய்வுகளில் மார்ஃபினும் ஃபென்டனிலும் அதிகம் தாழ்த்துகின்றன. புப்ரெனார்ஃபினும் டிரமடாலும் குறைவாகத் தாழ்த்துகின்றன. மனிதர்களில் இந்த வேறுபாடு எவ்வளவு பொருட்படுத்தத் தக்கது என்பதற்கான சான்று இன்னும் மெலிதாகவே உள்ளது. மார்ஃபின் ஊசி போட்டதும் சிலருக்குத் தோல் சிவந்து அரிப்பெடுப்பதை ஒவ்வாமை என்று எண்ணி, இனி வலி மருந்தே வேண்டாம் என்று விடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் மருந்து பட்டதும் ஹிஸ்டமின் என்ற பொருளை விடுவிப்பதால் வருவது; எதிர்ப்புரதம் சம்பந்தப்பட்ட உண்மையான ஒவ்வாமை அபூர்வம். எது எது என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

பாதிப்பு மீளுமா?

பெருமளவு மீளும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1989இல் நியூயார்க்கில் வெளியான ஆய்வு ஒன்று, ஹெராயினை ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தவர்களையும், பல ஆண்டுகளாக மருத்துவமனை மூலம் மெத்தடோன் எடுத்துவந்தவர்களையும், எந்தப் பழக்கமும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டது. முதல் குழுவினரின் இயற்கைக் கொல்லி செல்களின் திறன் தாழ்ந்திருந்தது. மெத்தடோன் எடுத்தவர்களின் திறன் பழக்கமே இல்லாதவர்களுக்கு நிகராக இருந்தது. மெத்தடோனும் ஓபியாய்டுதான். ஆனால் ஹெராயின் பழக்கத்தில் ஒரு நாளிலேயே பலமுறை மருந்து ஏறி இறங்குகிறது, ஒவ்வொரு இறக்கத்திலும் உடல் தவிக்கிறது. மெத்தடோனோ ஒரே சீரான அளவில் நிலைத்து நிற்கிறது. ஊசியும் இல்லை, கலப்பும் இல்லை. மூன்று காரணங்களில் இரண்டு முழுமையாக நீங்கி, மூன்றாவதும் அடங்கிவிடுகிறது.

இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில், ஊசி பழக்கத்தினருக்கு நாவின் அடியில் வைத்துக் கரைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை மையங்களில் பணியாளர் முன்னிலையில் தரப்படுகிறது. "ஒரு போதைக்கு இன்னொரு போதை" என்று இதை இகழ்பவர்கள் மேற்சொன்ன ஒப்பீட்டை அறியாதவர்கள்.

எந்தக் காரணத்துக்காக ஓபியாய்டு எடுத்தாலும், நீண்ட நாள் எடுப்பவர் காய்ச்சல் என்று மருத்துவரிடம் போகும்போது அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அது இலவசம். நிமோகாக்கஸ் தடுப்பூசி தமக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் எடுப்பவருக்குக் காரணம் புரியாத சோர்வு இருந்தால், ஹீமோகுளோபினோடு டெஸ்டோஸ்டிரோன், கார்டிசால் அளவுகளையும் பார்க்கச் சொல்லலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.